முகத்தையே காட்டாமல் மெக்ஸிகோவின் ஹீரோ ஆனவர்... யார் இந்த எல் சாந்தோ?

WWE பார்த்து வளர்ந்தவர்களுக்கு ரே மிஸ்டீரியோவைத் தெரியாமல் இருக்காது. உயரம் கம்மி, வேகம் அதிகம், முகத்தில் கலர் கலரான முகமூடி. அந்த முகமூடி அமெரிக்க டிவிக்காக யாரோ யோசித்துப் பண்ணிய கெட்டப் இல்லை. அது மெக்ஸிகோவின் சொத்து. அங்கே முகமூடி என்றாலே எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருகிற பெயர் ஒன்றுதான்: எல் சாந்தோ.

ஸ்பானிய மொழியில் 'எல் சாந்தோ' என்றால் புனிதர். வெள்ளி நிற முகமூடி போட்டுக்கொண்டு 40 வருஷம் ரிங்கில் நின்றவர். 50-க்கும் மேற்பட்ட படங்களில் ஹீரோ. அவர் பெயரில் வந்த காமிக்ஸ் 35 வருஷம் ஓடியது. ஆனால், இவ்வளவுக்கும் அவர் முகம் எப்படி இருக்கும் என்று ரசிகர்களுக்குத் தெரியாது. புகழ் வேண்டும் என்றால் முகத்தைக் காட்ட வேண்டும் என்பதுதானே சினிமாவிலும் விளையாட்டிலும் வழக்கம்? இவர் அதை அப்படியே தலைகீழாகச் செய்தார். எப்படி முடிந்தது? அதற்கு அவர் கொடுத்த விலை என்ன?

தெபீத்தோ ஏரியா பையன்

இயற்பெயர் ரொடோல்ஃபோ குஸ்மான் உவெர்த்தா. 1917 செப்டம்பர் 23 அன்று மெக்ஸிகோவின் இதால்கோ மாநிலத்தில் உள்ள துலான்சிங்கோ நகரத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது. 1920-களில் குடும்பம் தலைநகர் மெக்ஸிகோ சிட்டிக்கு வந்து, தெபீத்தோ பகுதியில் குடியேறியது. உழைக்கும் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி அது. தெருச் சந்தைக்கும் குத்துச்சண்டைக்கும் பேர்போனது.

பையன் முதலில் ஆடியது பேஸ்பாலும் அமெரிக்கன் ஃபுட்பாலும். அப்புறம் ஜியு-ஜித்சு, அதிலிருந்து மல்யுத்தம். சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறார். 1933-ல்தான் சல்வதோர் லுட்டெரோத் என்பவர் மெக்ஸிகோவில் தொழில்முறை மல்யுத்தத்துக்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த 'லூச்சா லிப்ரே'க்கு அதுதான் அஸ்திவாரம். ரொடோல்ஃபோ 1930-களின் நடுவில் ரிங்கில் ஏறிவிட்டார்.

ஆனால், எடுத்தவுடனே ஸ்டார் ஆகிவிடவில்லை. ரூடி குஸ்மான் என்ற பெயரில் ஆடினார். பிறகு 'சிவப்பு மனிதன்', 'கறுப்புப் பேய்' என்றெல்லாம் பெயர் மாற்றிப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை. அப்போது பிரபலமாக இருந்த 'எல் முர்சியெலாகோ' (வௌவால்) என்ற வீரரின் பெயரோடு 'இரண்டாம்' என்று சேர்த்து 'இரண்டாம் வௌவால்' ஆனார். ஒரிஜினல் வௌவாலுக்கு இது பிடிக்கவில்லை. அவர் புகார் கொடுக்க, அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று மல்யுத்த ஆணையம் சொல்லிவிட்டது. அடுத்தவர் அடையாளத்தில் காலம் தள்ள முடியாது என்பது அவருக்கு அங்கேயே புரிந்திருக்கும்.

'சாந்தோ' பிறந்த நாள்

1942-ல் ஹெசுஸ் லோமெலி என்பவர் முழுக்க வெள்ளி நிற உடையில் ஒரு மல்யுத்த டீமைத் தயார் செய்துகொண்டிருந்தார். அதில் ரொடோல்ஃபோவைச் சேர்க்க விரும்பி மூன்று பெயர்களைச் சொன்னார். புனிதர், பிசாசு, தேவதூதன். ரொடோல்ஃபோ தேர்ந்தெடுத்தது புனிதர். அந்த வருஷம் ஜூலை 26 அன்று முதல்முறையாக எல் சாந்தோவாக ரிங்கில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 24.

முகமூடி அப்போதுகூட மெக்ஸிகோவுக்குப் புதுசுதான். எட்டு வருஷம் முன்பு, மல்யுத்த ஷூ தைத்துக்கொண்டிருந்த அந்தோனியோ மார்த்தினெஸ் என்ற தொழிலாளியிடம் ஓர் அமெரிக்க வீரர் முகமூடி தைத்துத் தரக் கேட்டார். தோலில் தைத்துக் கொடுத்தார் மார்த்தினெஸ். அங்கே ஆரம்பித்த பழக்கம் இது. அதை ஒரு தேசத்தின் அடையாளம் ஆக்கியவர் சாந்தோ.

புனிதர் பெயரில் ஒரு வில்லன்!

இங்கேதான் ட்விஸ்ட். லூச்சா லிப்ரேயில் இரண்டு அணிகள் உண்டு. விதிப்படி, நுணுக்கமாக ஆடுபவர்கள் 'தெக்னிகோ', அதாவது நல்லவர்கள். அடிதடி, குறுக்குவழி என்று இறங்குபவர்கள் 'ரூடோ', அதாவது வில்லன்கள். புனிதர் என்று பெயர் வைத்துக்கொண்ட சாந்தோ, ரூடோவாகத்தான் களம் இறங்கினார். கூட்டம் அவரைத் திட்டியது. ஆனால், அவருக்காகவே டிக்கெட் வாங்கியது. 1943 ஏப்ரலில் 'அரீனா கொலிசியோ' என்ற புது அரங்கம் திறக்கப்பட்டபோது, மெயின் மேட்ச்சே சாந்தோவுக்கும் சாம்பியன் டார்ஸான் லோபெஸுக்கும்தான்.

கோரி குவெரெரோ என்ற வீரரோடு சேர்ந்து அவர் ஆடிய ஜோடிக்கு 'அணு ஜோடி' என்று பெயர். WWE ரசிகர்களின் செல்லமான எடி குவெரெரோவின் அப்பாதான் இந்த கோரி. எதிராளியைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் உட்கார்ந்து, தாடையைப் பிடித்து மேலே இழுக்கும் 'கேமல் கிளட்ச்' ஞாபகம் இருக்கிறதா? அதைக் கண்டுபிடித்தவர் கோரி என்பார்கள். அதைத் தன் முத்திரைப் பிடியாக்கி ஊரறிய வைத்தவர் சாந்தோ.

முகமூடியைப் பந்தயம் வைப்பது என்றால்?

மற்ற நாடுகளில் பெரிய மேட்ச் என்றால் பெல்ட்டுக்காக. மெக்ஸிகோவில் அதைவிடப் பெரியது முகமூடிக்கு முகமூடி. தோற்றவர் அங்கேயே, எல்லோர் முன்னாலும் முகமூடியைக் கழற்ற வேண்டும். சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். மறுநாள் பேப்பரில் படத்தோடு வரும். அந்த முகமூடியைத் திரும்பப் போடவே முடியாது. அதுவரை கட்டி வைத்த மர்மம் அத்தோடு காலி.

யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகும் ஆட்டம்தானே என்று கேட்கலாம். தொழில்முறை மல்யுத்தத்தில் அதுதான் வழக்கம். ஆனால், கழற்றிய பிறகு அந்த வீரர் இழக்கிற மர்மம் நிஜம். பாதிக்கப்படுகிற பிழைப்பும் நிஜம்.

1952 நவம்பர் 7 அன்று அரீனா கொலிசியோவில் சாந்தோவும் 'பிளாக் ஷேடோ'வும் முகமூடியைப் பந்தயம் வைத்து மோதினார்கள். லூச்சா லிப்ரே வரலாற்றின் முக்கியமான மேட்ச்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுவது இது. ஜெயித்தது சாந்தோ. கறுப்பு முகமூடிக்குள் இருந்தது அலெஹாந்த்ரோ குரூஸ் என்று ஊருக்குத் தெரிந்துபோனது.

ஆனால், பிளாக் ஷேடோவுக்கு ஒரு டேக் டீம் பார்ட்னர் இருந்தார். சகோதரர்கள் என்று சொல்லி ஆடிய ஜோடி. அவர்தான் 'ப்ளூ டீமன்'. நண்பனுக்கு நடந்ததற்குப் பதிலடி என்று களம் இறங்கியவர், 1953 செப்டம்பரில் சாந்தோவைத் தோற்கடித்து உலக வெல்டர்வெயிட் பட்டத்தைப் பறித்தார். இந்தப் போட்டி பல வருஷம் ஓடியது. சாந்தோ தோற்கவே தோற்காதவர் இல்லை. பட்டத்தை இழந்திருக்கிறார். முகமூடியை மட்டும் கடைசிவரை ஒருவரிடமும் இழக்கவில்லை.

காமிக்ஸில் ஹீரோ, ரிங்கில் வில்லன்

அதே 1952-ல் ஹோசே ஜி. குரூஸ் என்ற ஓவியர் சாந்தோவை ஹீரோவாக வைத்து ஒரு காமிக்ஸ் தொடங்கினார. ஓவியத்தோடு உண்மையான புகைப்படங்களையும் வெட்டி ஒட்டிச் செய்தது. கடையில் வாங்குகிற காமிக்ஸில் ஏழைகளைக் காப்பாற்றும் சாமி. ஞாயிற்றுக்கிழமை அரங்கத்துக்குப் போனால், எதிராளியை விதியே இல்லாமல் அடிக்கும் ஆள். இந்த முரண்பாடு ஒன்றிரண்டு நாள் இல்லை, சுமார் 10 வருஷம் நீடித்தது. 1962-ல்தான் சாந்தோ அதிகாரபூர்வமாகத் தெக்னிகோ பக்கம் வந்தார்.

அவரை மாற்றியது காகிதத்தில் இருந்த சாந்தோ என்றே சொல்லலாம். குழந்தைகள் நம்பியது அந்த சாந்தோவைத்தான். நிஜ மனிதர் தன் கதாபாத்திரத்தின் அளவுக்கு உயர வேண்டியதாகிவிட்டது.

ஜாம்பி, வேம்பயர், மம்மி... எல்லோருக்கும் அடி!

1950-களில் மெக்ஸிகோவில் மல்யுத்தத்தை டிவியில் காட்டத் தடை வந்தது. அரங்கத்துக்கு வர முடியாத ரசிகர்களுக்கு இருந்த வழி சினிமாதான். முதலில் வந்த சினிமா வாய்ப்பை சாந்தோ ஏற்கவில்லை. 1952-ல் அவர் பட்டப்பெயரான 'வெள்ளி முகமூடிக்காரன்' என்ற தலைப்பில் ஒரு படம் வந்தது. அதில் நடித்தது வேறொரு மல்யுத்த வீரர்!

கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தது, மல்யுத்த வீரரும் நடிகருமான ஃபெர்னாண்டோ ஓசேஸ். முதல் இரண்டு படங்களின் ஷூட்டிங் 1958-ல் கியூபாவில் நடந்தது. ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வெற்றியை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. படங்கள் 1961-ல்தான் வெளியாகின.

அப்புறம் வரிசையாக வந்தன. ஜாம்பிகளோடு சண்டை. 1962-ல் வேம்பயர் பெண்களோடு சண்டை. 1970-களில், நிஜ மம்மிகளுக்குப் பெயர்போன குவானாஹுவாத்தோ நகரத்தை வைத்து ஒரு படம். அதில் சாந்தோவோடு சேர்ந்து நடித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ரிங்கில் அவரைத் தோற்கடித்த அதே ப்ளூ டீமன்.

படங்கள் எல்லாம் சின்ன பட்ஜெட்தான். வேகமாக எடுத்து முடிப்பார்கள். நடுவில் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு முழு மல்யுத்த மேட்ச் வரும். ஆனாலும் எல்லை தாண்டிப் போயின. 1973-ல் துருக்கியில் அனுமதி எதுவும் வாங்காமல் ஒரு படம் எடுத்தார்கள். அதில் சாந்தோவும் கேப்டன் அமெரிக்காவும் சேர்ந்து வில்லன் ஸ்பைடர்மேனைத் துரத்துவார்கள்!

முகமூடிக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை

மற்ற நடிகர்கள் ஷாட் முடிந்ததும் மேக்கப்பைக் கலைத்துவிடுவார்கள். சாந்தோவுக்கு அந்த வசதி இல்லை. வெளியிடங்களில் முகமூடியோடுதான் இருப்பார். சாப்பிடுவதற்கென்று தாடைப் பகுதி திறந்த தனி முகமூடி வைத்திருந்தார். வெளிநாட்டு ஷூட்டிங் என்றால் படக்குழுவோடு ஒரே விமானத்தில் போக மாட்டார். காரணம் எளிது. சோதனையின்போது முகமூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போது கூட வேலை செய்பவர்கள்கூடப் பார்த்துவிடக் கூடாது.

இன்னொரு பக்கம், 10 பிள்ளைகளுக்கு அப்பா. முகமூடி இல்லாமல் தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நாட்டிலேயே பிரபலமான மனிதர், அதே நேரம் யாருக்கும் தெரியாத மனிதர். அது ஒருவகையில் சுதந்திரம். இன்னொருவகையில், கைதட்டல் எதுவும் ரொடோல்ஃபோ குஸ்மானுக்குக் கிடைக்கவில்லை என்றும் அர்த்தம். எல்லாம் சாந்தோவுக்குத்தான்.

கடைசி மேட்ச், கடைசி முகம்

1982 செப்டம்பர் 12 அன்று, 65-வது பிறந்தநாளுக்கு 11 நாள் முன்பு, கடைசி மேட்ச் ஆடினார். பழைய கூட்டாளி கோரி குவெரெரோவும் அன்று அவர் பக்கம் நின்றார். அதே வருஷம் அவருடைய கடைசி மகன், அப்பாவின் வெள்ளி முகமூடியைப் போட்டுக்கொண்டு 'சாந்தோவின் மகன்' என்ற பெயரில் ரிங்கில் இறங்கினார்.

1984 ஜனவரியில் ஒரு டிவி நிகழ்ச்சி. நடத்தியது மெக்ஸிகோவின் பிரபல பத்திரிகையாளர் ஹாகோபோ சப்லுடோவ்ஸ்கி. எந்த அறிவிப்பும் இல்லாமல், சாந்தோ முகமூடியைக் கொஞ்சம் மேலே தூக்கி முகத்தைக் காட்டினார். சில நொடிகள்தான். 42 வருஷமாக எந்த எதிராளியாலும் செய்ய முடியாததை அவரே செய்தார்.

அடுத்த சில நாள்களிலேயே, பிப்ரவரி 5 அன்று, மெக்ஸிகோ சிட்டியின் பிளாங்கீத்தா தியேட்டரில் மேடை நிகழ்ச்சி முடிந்ததும் மாரடைப்பு வந்தது. காப்பாற்ற முடியவில்லை. வயது 66. முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள். இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். அவரிடம் முகமூடியை இழந்த பிளாக் ஷேடோவும், அவரைத் தோற்கடித்த ப்ளூ டீமனும் வந்திருந்தார்கள்.

இன்றைக்கு ஏன் சாந்தோ?

அவர் இறந்த பிறகும் காமிக்ஸ் 1987 வரை வந்தது. 1990-களில் சாந்தோவின் மகனும், கோரியின் மகன் எடி குவெரெரோவும் ஜோடி சேர்ந்து, அப்பாக்களின் அதே 'அணு ஜோடி' பெயரில் ஆடினார்கள். பிறந்த ஊரான துலான்சிங்கோவில் அவருக்குச் சிலை இருக்கிறது. 2016-ல் கூகுள் அவருக்கு டூடுல் வெளியிட்டது. 2018-ல் மெக்ஸிகோ சிட்டி அரசு லூச்சா லிப்ரேயைத் தன் பண்பாட்டுப் பாரம்பரியமாக அறிவித்தது.

காலையில் எழுந்ததும் செல்ஃபி, சாப்பிட்டால் ஸ்டோரி என்று முகத்தை எல்லா இடத்திலும் பதிவு செய்கிற காலம் இது. அதனால்தான் சாந்தோவின் கதை இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. தான் யார் என்பதை எப்போது, யாருக்கு, எவ்வளவு காட்டுவது என்ற முடிவை அவர் கடைசிவரை தன் கையிலேயே வைத்திருந்தார். யாரும் பிடுங்கிக் கழற்றவில்லை. அவராகத்தான் தூக்கிக் காட்டினார்.