பாதியில் நின்ற உதவித்தொகை

வெளிநாட்டில் உயர்கல்வி பயிலச் செல்லும் எளிய குடும்பத்து மாணவர்களுக்கு அரசு தரும் உதவி போதுமானதா என்ற விவாதம் எழும்போதெல்லாம், அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் 1917 முதல் 1920 வரையிலான மூன்று ஆண்டுகளே என் நினைவுக்கு வருகின்றன. அவர் பெற்ற பட்டங்களைப் பெருமையோடு பட்டியலிடும் நாம், அவற்றுக்கு நடுவே விழுந்த இந்த இடைவெளியைக் கவனிப்பதில்லை.

மத்திய இந்தியாவின் மாவ் ராணுவக் குடியிருப்பில் 1891-இல் பிறந்தவர் அவர். தந்தை ராம்ஜி, ராணுவத்தில் சுபேதார். வகுப்பறையில் தனியே அமரவைக்கப்பட்ட அந்தச் சிறுவன் 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினான். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதந்தோறும் அளித்த 25 ரூபாய் உதவியோடு 1912-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அடுத்த பிப்ரவரியில் தந்தை மறைந்தார். குடும்பப் பாரம் தோளில் விழுந்த அதே ஆண்டில்தான், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயிலும் வாய்ப்பும் கிட்டியது. பரோடா அரசு மாதம் பதினொன்றரைப் பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவ முன்வந்தது. படிப்பு முடிந்ததும் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அந்தத் தொகையில்தான் அறை வாடகை, உணவு, புத்தகம் அனைத்தும். ஊரிலிருந்த மனைவி ரமாபாய்க்கும் அதிலிருந்தே மிச்சம் பிடித்து அனுப்ப வேண்டியிருந்தது. சிற்றுண்டியைக் குறைத்துக்கொண்டு பழைய புத்தகக் கடைகளில் நூல்களை வாங்கிச் சேர்த்தார். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்று, 1916-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். ஆனால், உதவித்தொகையின் காலம் முடிந்துவிட்டது. 1917-இல் ஆய்வைப் பாதியில் விட்டு நாடு திரும்ப நேர்ந்தது. தனியே அனுப்பிய புத்தகங்களில் பெரும்பகுதி, போரில் தாக்குண்ட கப்பலோடு கடலில் மூழ்கியது.

ஒப்பந்தப்படி பரோடாவில் பணியேற்றார். இரண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயின்றவருக்கு அந்நகரில் குடியிருக்க ஓர் அறை கிடைக்கவில்லை. சாதியை மறைத்துத் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். பம்பாய் திரும்பி, 1918-இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஊதியத்தில் காசு காசாகச் சேமித்தார். அது போதாமல், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியையும் நண்பர் நவல் பதேனாவின் கடனையும் பெற்று, 1920-இல் மீண்டும் லண்டன் சென்றார். 1921-இல் எம்.எஸ்சி., 1923-இல் டி.எஸ்சி. ரூபாயின் சிக்கல் குறித்த அவருடைய ஆய்வு அதே ஆண்டில் நூலாயிற்று.

ஒரு நண்பரும் ஒரு மன்னரும் கைகொடுத்ததால் அவரால் திரும்பிச் செல்ல முடிந்தது. அப்படி யாரும் இல்லாத மாணவரின் கதி என்ன? இதற்கு விடை தேட அவரே பின்னாளில் முயன்றார். 1942-இல் வைஸ்ராய் நிர்வாக சபையில் உறுப்பினரானதும், பட்டியலின மாணவர்களின் உயர்கல்விக்கு நிதி ஒதுக்குமாறு வலியுறுத்தினார். மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் 1944-இல் தொடங்கியது. வெளிநாட்டுக் கல்விக்கான தேசிய உதவித்தொகை, அவர் மறைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் 1954-இல் நடைமுறைக்கு வந்தது.

இன்று தமிழ்நாடு அரசு அவர் பெயரிலேயே நடத்தும் அயலக உயர்கல்வித் திட்டம், ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. பாராட்டத்தக்க முயற்சி இது. ஆனால், நான் வசிக்கும் அம்பத்தூரிலும் அடுத்துள்ள ஆவடி, பூந்தமல்லியிலும் காணும் நிலை வேறொன்றையும் சொல்கிறது. தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவரின் மகளுக்கோ, ஒப்பந்தத் தொழிலாளியின் மகனுக்கோ அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது இப்போது அரிதல்ல. இடம் கிடைத்த பிறகுதான் சோதனை தொடங்குகிறது. பல்கலைக்கழகத்தின் முன்பணம், விசா கட்டணம், மருத்துவக் கட்டணம், விமானச் சீட்டு, முதல் மாத வாடகைக்கான வைப்புத்தொகை என எல்லாவற்றையும் புறப்படும் முன்பே கட்ட வேண்டும். பிரிட்டன் விசாவுக்குக் குறிப்பிட்ட தொகை 28 நாள்கள் வங்கிக் கணக்கில் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பெரும்பாலும் சொத்துப் பிணை கேட்கின்றன. வாடகை வீட்டில் வாழ்பவர் எதைக் காட்டுவார்? உதவித்தொகை ஆணை சில வாரங்கள் தாமதமானாலும் இடம் கைநழுவிப் போகும். 2025-இல் தேசிய உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஆணை வழங்கப்பட்டது. மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்தே என்று சொல்லப்பட்டது.

எனவே, கட்டணத்தை ஈடுசெய்வதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. தேர்வானவருக்குப் புறப்படும் முன்பே முன்பணம் தர வேண்டும். வாழ்க்கைச் செலவுக்கான தொகையை அந்தந்த நகரத்தின் வாடகைக்கேற்ப ஆண்டுதோறும் திருத்த வேண்டும். ஆய்வு நியாயமான காரணத்தால் நீண்டால் உதவியும் நீள வேண்டும். இம்மூன்றும் 1917-இல் அம்பேத்கருக்குக் கிடைத்திருந்தால், அந்த மூன்று ஆண்டுகள் அவருடைய ஆய்வுக்கே பயன்பட்டிருக்கும். அந்த இழப்பை அவர் தம் உழைப்பால் ஈடுகட்டினார். அதே உழைப்பை இன்னொரு தலைமுறையிடமும் எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.