நுரையில் பிறந்த உறுதி

மின்தூக்கியின் கூண்டுக்கு அடியில், பயணிப்பவர் கண்ணில் படாத ஒரு பள்ளம் உண்டு. விநாடிக்கு ஒரு மீட்டர் வரையிலான வேகத்தில் இயங்கும் பல மின்தூக்கிகளில், அந்தப் பள்ளத்தின் தரையில் உருளை வடிவிலான தடித்த பொருள் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கூண்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கீழே வந்துவிட்டால், மோதலைத் தாங்க வேண்டியது அதுதான். தொழிற்கூடத்தில் கிரேன் ஓடும் தண்டவாளத்தின் முனையிலும், சரக்கு லாரி பின்னோக்கி வந்து நிற்கும் மேடையின் விளிம்பிலும் இதே வகைப் பொருள் காத்திருக்கிறது. தொழில்துறையினர் இதனை யூரித்தேன் பம்பர் என்பர்.

இப்பொருளுக்கு மூலமான வேதியியலைக் கண்டறிந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ பேயர். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. காலணியின் அடிப்பகுதி முதல் குளிர்பதனப் பெட்டியின் சுவர் வரை அவருடைய கண்டுபிடிப்பு பரவியிருந்தும், அவருடைய பெயர் பாடநூல்களுக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. அந்த வாழ்க்கையில் பெருமைக்கும் எச்சரிக்கைக்கும் இடம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

பிராங்பர்ட் நகரில் 1902 நவம்பர் 4 அன்று பிறந்த அவர், அந்நகரப் பல்கலைக்கழகத்தில் யூலியஸ் ஃபான் பிரவுன் என்ற வேதியியலாளரிடம் பயின்று 1924-இல் முனைவர் பட்டம் பெற்றார். சாயத் தொழிற்சாலை ஒன்றில் சில ஆண்டுகள் ஆய்வாளராக இருந்தார். முப்பது வயதைக் கடந்த சிறிது காலத்திலேயே, ஐ.ஜி. ஃபார்பன் என்ற மாபெரும் வேதிப்பொருள் குழுமத்தின் லெவர்குசன் தலைமை ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பேற்றார். அக்குழுமத்தின் அங்கமாயிருந்த பேயர் நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பத்துக்கும் அவருக்கும் உறவில்லை. பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயலே.

அக்காலத்தில் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் நைலானை உருவாக்கியிருந்தார். அந்தக் காப்புரிமைகளுக்குள் சிக்காத புதுவழி ஒன்று ஜெர்மானியர்களுக்குத் தேவைப்பட்டது. நைலான் உருவாகும்போது மூலக்கூறுகள் இணையும் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். அதனை அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எதுவும் வெளியேறாமல், ஒன்றோடொன்று கூடி நீளும் சங்கிலியை உருவாக்க முடியுமா என்று பேயர் சிந்தித்தார். ஐசோசயனேட்டும் ஆல்கஹாலும் வினைபுரியும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் வுர்ட்ஸ் 1849-இலேயே கண்டிருந்தார். இரு முனைகளிலும் வினைபுரியும் மூலக்கூறுகளைக் கொண்டு அதே வினையை நிகழ்த்தினால் நீண்ட சங்கிலி பிறக்கும் என்பதே பேயரின் எண்ணம். 1937 நவம்பரில், ஹைன்ரிஹ் ரிங்கே உள்ளிட்ட சக ஆய்வாளர்களுடன் அவர் இதற்குக் காப்புரிமை கோரினார். பாலியூரித்தேன் பிறந்தது.

நிறுவனத்தில் பலர் இதனை வரவேற்கவில்லை. கலவையில் சிறிதளவு ஈரம் சேர்ந்தாலும் ஐசோசயனேட் அதனுடன் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிட்டது. வார்த்தெடுத்த துண்டுகள் குமிழிகளால் நிறைந்தன. சோதனைப் பிரிவினர், துளைகள் நிறைந்த எமென்டால் பாலாடைக்கட்டிக்குப் போலி செய்ய மட்டுமே இது பயன்படும் என்று நையாண்டி செய்தனர். ஏளனத்தில் பேயர் ஒரு வாய்ப்பைக் கண்டார். ஈரத்தைத் தற்செயலாக விடாமல் அளந்து சேர்த்தால், நுரையை வேண்டும் அளவில் ஆளலாம் அல்லவா? இன்றைய மெத்தையும் இருக்கையும் அந்தக் கேள்வியின் விளைவே.

பம்பரின் கதையிலும் அக்குமிழிக்கு இடமுண்டு. திண்மமான ரப்பரை அழுத்தினால் அது பக்கவாட்டில் பிதுங்கும். அதன் கன அளவு குறைவதில்லை. நுண்குமிழிகள் கொண்ட பாலியூரித்தேனோ தன் துளைகளுக்குள்ளேயே சுருங்கிக்கொள்ளும். முதலில் மென்மையாக விட்டுக்கொடுத்து, அழுத்தம் கூடக்கூட இறுகி நிற்கும். காரின் சஸ்பென்ஷனில் பொருத்தப்படும் சிறு பம்பர்கள் பெரும்பாலும் இவ்வகையே. குறையென்று கருதப்பட்ட துளைதான் இங்கே அடியைத் தாங்குகிறது.

துளைகளற்ற வகைக்கு வேறு பக்குவம் தேவை. பாலியால் எனும் திரவத்தைச் சூடாக்கி, வெற்றிடத்தில் ஈரம் நீக்கி, ஐசோசயனேட்டுடன் சேர்த்து முதல்நிலைக் கலவை செய்கின்றனர். அதில் கெட்டிப்படுத்தும் பொருளைக் கலந்து, சூடேற்றிய அச்சில் ஊற்றுகின்றனர். மணல் வீசித் தேய்த்துப் பசை பூசிய இரும்புத் தகடு அச்சிலேயே வைக்கப்படுவதால், பம்பரும் தகடும் ஓருடலாகின்றன. அச்சிலிருந்து எடுத்தபின் பல மணி நேரம் அடுப்பில் வைத்துப் பதப்படுத்தினால்தான் முழு வலிமை கிட்டும். எதுவும் வெளியேறாத வினை என்ற அந்த 1937-ஆம் ஆண்டுச் சிந்தனையே, ஊற்றிய திரவம் ஊற்றியபடி திண்மமாக இறுகுவதற்குக் காரணம்.

இவ்வகை வார்ப்பு யூரித்தேன் லெவர்குசனிலேயே உருவாகி வுல்கொலான் என்ற பெயரில் உலகெங்கும் சென்றது. ரப்பரைவிடத் தேய்மானம் குறைவு, எண்ணெய் பட்டாலும் எளிதில் கெடாது என்பன அதன் சிறப்புகள். 1968-இல் அமெரிக்காவின் பான்டியாக் ஜி.டி.ஓ. கார், உடலின் நிறத்திலேயே அமைந்த யூரித்தேன் முன்பம்பருடன் வந்தது. 1975-இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ரப்பர் பிரிவு சார்ல்ஸ் குட்இயர் பதக்கத்தைப் பேயருக்கு அளித்தது. 1982 ஆகஸ்ட் 1 அன்று அவர் காலமானார்.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் அது புகழுரை மட்டுமே ஆகும். அவர் பணியாற்றிய ஐ.ஜி. ஃபார்பன், ஆஷ்விட்ஸ் வதைமுகாமையொட்டி மோனோவிட்ஸில் செயற்கை ரப்பர் ஆலை எழுப்பக் கைதிகளை அடிமைகளாக உழைக்கச் செய்தது. நியூரம்பர்க்கில் அதன் நிர்வாகிகள் 24 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டு, 1948-இல் 13 பேர் தண்டிக்கப்பட்டனர். அந்தப் பட்டியலில் பேயர் இல்லை. ஆயினும், அவருடைய ஆய்வுக்குப் பொருளும் வசதியும் தந்தது அந்தக் குழுமமே. கண்டுபிடிப்பைப் போற்றும்போது, அது வளர்ந்த வீட்டின் வரலாற்றை மறைப்பது நேர்மையாகாது என்பதே என் கருத்து.

மற்றொரு கடமை நிகழ்காலத்தைச் சார்ந்தது. ஐசோசயனேட் என்ற சொல்லை இந்தியர்கள் போபாலுக்குப் பின் மறக்க முடியாது. 1984-இல் அங்கே கசிந்த மீத்தைல் ஐசோசயனேட் பூச்சிக்கொல்லிக்கானது. பம்பர் வார்ப்பில் பயன்படுவது வேறு பொருள். எனினும் அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த அதன் ஆவி, சுவாசிப்போருக்கு ஆஸ்துமாவைத் தரவல்லது. ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலை உண்டாக்கும். கெட்டிப்படுத்தப் பயன்படும் மோகா என்ற பொருளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியிருக்கிறது. இறுகி முடிந்த பம்பரால் இந்த ஆபத்து இல்லை. அதை வார்ப்பவருக்கே ஆபத்து. டைஐசோசயனேட்டைக் கையாளும் தொழிலாளர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்ட் முதல் பயிற்சியைக் கட்டாயமாக்கியுள்ளது.

அத்தகைய பயிற்சியும், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வசதியும், தகுந்த முகக்கவசமும் பெரிய ஆலைகளுக்கு மட்டும் உரியவை ஆகிவிடக் கூடாது. நாலைந்து பேர் வேலை செய்யும் சிறு வார்ப்புக் கூடத்துக்கும் அவை எட்ட வேண்டும். பிறர்மீது விழும் அடியைத் தாங்குவதற்காகச் செய்யப்படும் பொருள், அதைச் செய்பவர் நெஞ்சின்மீதே அடியாக விழுவதை நாம் ஏற்க இயலாது.