டியூஷன் வாத்தியார் ஜேம்ஸ் ஜாய்ஸ்

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1882இல் பிறந்த நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ், பிழைப்புக்காக 1905இல் ட்ரியெஸ்டே வந்து சேர்ந்தார். அன்று அது ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகம். நம் சிங்கப்பூரைப் போலவே பல மொழி பேசும் வணிகர்கள் கூடிய ஊர். பெர்லிட்ஸ் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். 1907இல் அதை விட்டுவிட்டு, வீடு தேடிப் போய் டியூஷன் சொல்லித் தந்தார். இரண்டு பிள்ளைகள், தீராத கடன்.

அவரிடம் படித்தவர்களில் எத்தோரே ஷ்மிட்ஸ் என்ற வணிகரை நாம் அவசியம் சொல்ல வேண்டும். கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசும் பெயிண்ட் தயாரித்த மாமனார் கம்பெனியில் இருந்தவர். லண்டன் வியாபாரத்துக்காக ஆங்கிலம் கற்றார். வாத்தியாரைவிட இருபது வயது மூத்தவர். இத்தாலோ ஸ்வேவோ என்ற புனைபெயரில் இரண்டு நாவல்கள் வெளியிட்டு, யாரும் சீண்டாததால் பேனாவை மூடிவைத்திருந்தார். (கணக்கு நோட்டுக்கு அடியில் கவிதை வைத்திருப்பவர்கள் நம்மிலும் உண்டு.) ஜாய்ஸ் அவற்றைப் படித்துப் பாராட்டினார். தாம் எழுதிவந்த நாவலின் மூன்று அத்தியாயங்களைக் கொடுத்துக் கருத்தும் கேட்டார். 1909இல் மாணவர் எழுதிய பதில், சோர்ந்திருந்த வாத்தியாருக்குத் தெம்பு தந்தது.

அதே ஆண்டு ட்ரியெஸ்டே முதலாளிகளைச் சேர்த்து டப்ளினில் சினிமாக் கொட்டகை திறந்தார் ஜாய்ஸ். திறந்த கையோடு ட்ரியெஸ்டே திரும்பிவிட்டார். சில மாதங்களில் நஷ்டத்துக்கு விற்றார்கள். முதலாளி இல்லாத கடை!

1922இல் 'யுலிஸிஸ்' வெளிவந்து பெரும்புகழ் தந்தது. மறு ஆண்டு ஸ்வேவோ மூன்றாவது நாவலை வெளியிட்டார். இத்தாலியில் மறுபடியும் மௌனம். பாரிஸிலிருந்த பழைய வாத்தியார்தான் பிரெஞ்சு விமர்சகர்களின் கவனத்தை அதன்மேல் திருப்பினார். 1926இல் அவர்கள் அவரைக் கொண்டாடியபோது மாணவருக்கு வயது 64. 1928இல் அவர் கார் விபத்தில் காலமானார்.