இதயத்தின் எரிபொருளைக் கண்டவர்

உயிர்வேதியியல் ஆய்வுக்கூடங்களில் பாஸ்பரசின் அளவைக் காண ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்றொரு சோதனை செய்வதுண்டு. சோதனைக் குழாயில் நீல நிறம் தோன்றியதும் அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குச் சென்றுவிடுகிறோம். அப்பெயரின் பின்பாதிக்கு உரியவர் நம் சென்னையில் படித்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவனாகிய நானும் அண்மையில்தான் அறிந்தேன்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். வறுமை மிகுந்த குடும்பம். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்துச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவை மருத்துவ வகுப்புக்கும் கதராடை அணிந்து சென்றார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் சில நாள் இடைவெளியில் கொண்டுபோயிற்று. நோய்களை வெல்லும் மருந்துகளைக் காண வேண்டும் என்ற தவிப்பு அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் ஆசிரியராக இருந்துவிட்டு, இளம் மனைவியை ஊரில் விட்டு, மாமனாரின் உதவியோடு 1922இல் பாஸ்டன் நகர் அடைந்தார். பகலில் படிப்பு; இரவில் மருத்துவமனையில் கடைநிலை வேலை. பின்னர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1925இல் அந்தப் பாஸ்பரஸ் முறையை வகுத்தார்.

அம்முறையால் தசையைச் சோதித்தபோது ஒரு விந்தை நேர்ந்தது. நிறம் உடனே நிலைகொள்ளாமல் நேரம் செல்லச் செல்லக் கூடிக்கொண்டே போயிற்று. வேறொருவராயின் சோதனை கெட்டது என்று குழாயைக் கழுவி வைத்திருப்பார். இவர்களோ காரணம் தேடினர். தசையினுள் எளிதில் சிதையும் பாஸ்பரஸ் சேர்மம் ஒன்று இருந்தது. அதுவே பாஸ்போகிரியேட்டின். தசை உழைத்தால் அது குறைகிறது. ஓய்ந்தால் மீண்டும் நிறைகிறது. இக்கண்டுபிடிப்பு 1927இல் வெளிவந்தது. ஈராண்டில், உயிர்களின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யையும் அவர்கள் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதைத் தனியே கண்டறிந்தார்.

இதயமும் ஒரு தசைதான். ஓய்வு அறியாத தசை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. முந்நூறு கிராம் எடையுள்ள அது, நாள்தோறும் ஏறக்குறைய 6 கிலோ ஏ.டி.பி.யைச் செலவிட்டு மீண்டும் ஆக்கிக்கொள்கிறது.

இவற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தந்தை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் இருபது ஆண்டு உழைத்தவர். சென்ற ஆண்டு இரயில் நிலையப் படிகளில் ஏறவும் மூச்சு வாங்கியது. எக்கோ படம் தெளிவாக விழாததால், சென்னையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கையில் 38 விழுக்காடு என்றிருந்தது. கனமான வேலை இனிக் கூடாது என்றார் மருத்துவர். எங்கள் வீட்டுச் சோறு அந்த ஓர் எண்ணில் அடங்கியிருந்தது. ஆகவே அந்த எண் எப்படி வந்தது என்று அறிய விரும்பினேன்.

வலிமை மிக்க காந்தத்தினுள் நோயாளியைப் படுக்க வைத்து, இ.சி.ஜி. துடிப்போடு இசைய, ரொட்டியைத் துண்டு போடுவதுபோல் இதயத்தைக் குறுக்கே துண்டு துண்டாகப் படம் எடுக்கிறார்கள். உடல் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் குறிப்பே படமாகிறது. ஒவ்வொரு துண்டிலும் இடது கீழறையின் பரப்பை அளந்து, துண்டுகளின் கனத்தால் பெருக்கிக் கூட்டினால் அறையின் கொள்ளளவு கிடைக்கும். நிறைந்திருக்கையில் 140 மில்லிலிட்டர், ஒரு துடிப்பில் வெளியேறுவது 84 என்றால், 60 விழுக்காடு. அது நலமான இதயம். என் தந்தையின் இதயம் விரிந்து 200 கொண்டது. வெளியேற்றியதோ 76 மட்டுமே.

எவ்வளவு இறைக்கிறது என்பதை இப்படம் சொல்கிறது. இறைப்பதற்கு ஆற்றல் இருக்கிறதா? ஆராய்ச்சிக்கூடங்களில் இதே காந்தத்தைக் கொண்டு, ஹைட்ரஜனுக்குப் பதில் பாஸ்பரஸ் அணுக்கருவின் குறிப்பைக் கேட்டு, துடிக்கும் இதயத்தைக் கீறாமலே பாஸ்போகிரியேட்டினுக்கும் ஏ.டி.பி.க்கும் உள்ள விகிதத்தை அளக்கிறார்கள். நலமான இதயத்தில் அது ஏறத்தாழ 2. தளர்ந்த இதயத்தில் குறைகிறது. சோதனைக் குழாயில் சுப்பாராவ் கண்ட இரு பொருள்களையே இன்று மனிதனின் மார்புக்குள் தேடுகிறார்கள்!

ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்காமல் அவர் 1940இல் லெடர்லி ஆய்வகம் சென்றார். அங்கே அவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து பிறந்தது. தமிழ்நாட்டில் யானைக்கால் நோயைத் தடுக்க ஊர் ஊராக வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையும் அவர் குழு தந்ததே. 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், உறக்கத்திலேயே அவர் இதயம் நின்றது. பிரிந்து வந்த மனைவியை அவர் மீண்டும் காணவேயில்லை. நோபல் பரிசும் கிட்டவில்லை. நம் அரசு 1995இல் அஞ்சல் தலை வெளியிட்டது.

என் தந்தை இன்று மருந்துண்டு, இலேசான வேலை பார்க்கிறார். தளர்ந்த இதயத்துக்கு ஆற்றலை மீட்டுத் தரும் மருந்தைத் தேடும் பணி இன்னும் முடியவில்லை. தேர்வில் இருமுறை தவறிய மாணவர் ஒருவர் தொடங்கி வைத்த பணி அது. நம் வகுப்பில் அரியர் வைத்திருக்கும் நண்பர்களும் இதை நினைவிற்கொள்ள வேண்டுகிறேன்.