ரூ.700 அபராதமா? 6 மாதம் ஜெயிலா?: புத்தகம் எழுதியதற்காக சிறை சென்ற காஞ்சீபுரம் நெசவாளர் வீட்டுப் பிள்ளை

ஐயம்பேட்டை:

காஞ்சீபுரத்தில் இருந்து வாலாஜாபாத் போகும் ரோட்டில் இருக்கிறது ஐயம்பேட்டை. தறிச் சத்தத்தோடு பொழுது விடியும் ஊர். இந்த வட்டாரத்தில் வயதானவர்கள் யாரிடமாவது அண்ணாவைப் பற்றி கேட்டுப் பாருங்கள். முதல்-அமைச்சர் என்று ஆரம்பிக்க மாட்டார்கள். நம்ம காஞ்சீபுரத்துக்காரர், நெசவாளர் வீட்டுப் பிள்ளை என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அண்ணா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மேடைப்பேச்சு. ஆனால் அவர் பேனாவால்தான் அதிகம் சம்பாதித்தார். பணத்தை அல்ல, ஜனங்களை. அதே பேனாவால்தான் ஜெயிலுக்கும் போனார்.

தொத்தா வளர்த்த பிள்ளை

1909-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி காஞ்சீபுரத்தில் பிறந்தார், அண்ணாதுரை. தந்தை நடராஜன். தாய் பங்காரு அம்மாள். கைத்தறி நெசவை நம்பி வாழ்ந்த சமூகம். வசதியான குடும்பம் என்று சொல்ல முடியாது.

சிறுவனை வளர்த்தது அவருடைய சித்தி ராஜாமணி அம்மாள். அவரை 'தொத்தா' என்று கூப்பிடுவார், அண்ணா. கடைசி வரை அந்த தொத்தா மேல் அவருக்கு உயிர்.

காஞ்சீபுரம் பச்சையப்பன் பள்ளிக்கூடத்தில் படித்தார். இடையில் வீட்டுக் கஷ்டம். படிப்பை நிறுத்திவிட்டு, காஞ்சீபுரம் நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். அப்படியே இருந்திருந்தால் ஓய்வூதியம் வாங்கி ஊரோடு இருந்திருப்பார். ஆனால் மறுபடியும் படிக்கப் போனார்.

சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். பொருளாதாரமும் அரசியலும் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார். படிக்கும்போதே, 1930-ல் ராணி அம்மாளுடன் கல்யாணம் நடந்துவிட்டது. அந்த நாளில் நெசவாளர் வீட்டில் இருந்து ஒரு பையன் எம்.ஏ. படிப்பது என்பது சாதாரண விஷயம் இல்லை.

கல்லூரி நாட்களில் அவர் அதிக நேரம் இருந்த இடம் லைப்ரரி. கன்னிமாரா நூலகத்தில் புத்தகம் புத்தகமாகப் படித்தார். குள்ளமான உருவம், சரியாக வாராத தலை, கசங்கிய வேட்டி, கையில் மூக்குப்பொடி. பார்த்தால் பெரிய படிப்பாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாயைத் திறந்தால்தான் தெரியும்.

பெரியாரைச் சந்தித்தார்

1934-ல் திருப்பூரில் நடந்த ஒரு மாநாட்டில் பெரியாரைச் சந்தித்தார், அண்ணா. அதே ஆண்டுதான் அவருடைய முதல் சிறுகதையும் ஆனந்த விகடனில் வந்தது. கதையின் பெயர் 'கொக்கரகோ'. அரசியல், எழுத்து இரண்டும் ஒரே வருடத்தில் அவர் வாழ்க்கையில் நுழைந்தன.

எம்.ஏ. படித்தவருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்த காலம் அது. ஆனால் அண்ணா ஈரோட்டுக்குப் போய், பெரியார் நடத்திய பத்திரிகைகளில் வேலை பார்த்தார். 1938-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார்.

1942-ல் சொந்த ஊருக்கே திரும்பி வந்து, காஞ்சீபுரத்தில் இருந்து 'திராவிட நாடு' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். கட்டுரை, கதை, நாடகம், தலையங்கம் என்று பாதிக்கு மேல் அவரே எழுதுவார். சொந்தப் பெயரிலும் எழுதினார், புனைபெயர்களிலும் எழுதினார்.

1943-ல் கம்பராமாயணம் பற்றி தமிழ் அறிஞர்களுடன் நேருக்கு நேர் வாதம் செய்தார். சென்னையில் ரா.பி.சேதுப்பிள்ளை, சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார். இரண்டு பேரும் பெரும் புலவர்கள். 33 வயது வாலிபர் அவர்களோடு மோதியது தமிழ்நாடு முழுவதும் பேச்சாக இருந்தது. அந்த விவாதங்கள் பிறகு 'தீ பரவட்டும்' என்ற பெயரில் புத்தகமாக வந்தன.

கதையில் வந்தது நம்ம ஜனங்கள்

அண்ணாவின் கதைகளில் ராஜா ராணி கொஞ்சம்தான். பண்ணையார், வேலைக்காரி, கடன்பட்ட விவசாயி, கைம்பெண், சாமியார் வேஷம் போட்டவன். இவர்கள்தான் அதிகம் வருவார்கள்.

'செவ்வாழை' என்று ஒரு கதை. ஒரு ஏழை விவசாயி தன் பிள்ளைகளுக்காக ஆசை ஆசையாக ஒரு செவ்வாழைக் கன்றை வளர்க்கிறான். குலை தள்ளுகிறது. பிள்ளைகள் நாளை எண்ணிக்கொண்டு இருக்கின்றன. கடைசியில் குலை போவது பண்ணையார் வீட்டுக்கு. அவ்வளவுதான் கதை. படித்தவர்கள் யாரும் மறந்ததில்லை. பட்டுச் சேலை நெய்தும், அதை கட்டிப் பார்க்க முடியாத வீடுகள் நிறைந்த ஊருக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டுமா என்ன?

'வேலைக்காரி', 'ஓர் இரவு' இரண்டும் முதலில் நாடகம். பிறகு சினிமா. 1949-ல் 'வேலைக்காரி' படம் ஓடு ஓடு என்று ஓடியது. கடன் தொல்லையால் தூக்குப் போட்டுக்கொண்ட அப்பாவுக்காக மகன் பழிவாங்கப் புறப்படும் கதை. 'ஓர் இரவு' 1951-ல் படமாக வந்தது. அந்த நாடகத்தைப் பார்த்த எழுத்தாளர் கல்கி, கட்சிப் பேதம் பார்க்காமல் அண்ணாவை இங்கிலாந்து நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷாவோடு ஒப்பிட்டுப் பாராட்டினார்.

இன்னொரு சேதி. 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்ற அண்ணாவின் நாடகத்தில் சிவாஜி வேஷம் போட்ட கணேசன் என்ற இளைஞருக்கு, பெரியார் கொடுத்த பட்டம்தான் 'சிவாஜி'. அவர்தான் நடிகர் திலகம் சிவாஜிகணேசன்.

குருவோடு கருத்து வேறுபாடு

1947 ஆகஸ்டு 15. நாடு சுதந்திரம் அடைந்தது. பெரியார் அதை துக்க நாள் என்று அறிவித்தார். அண்ணாவுக்கு மனசு ஒப்பவில்லை. வெள்ளைக்காரன் போனது எல்லோருக்கும் சந்தோஷமான விஷயம்தான் என்று தன் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். தலைவர் சொன்னதற்கு எதிராக, தொண்டன் எழுத்து மூலம் சொன்ன கருத்து அது. இயக்கத்துக்குள் பெரிய சலசலப்பு ஏற்பட்டது.

1949-ல் பெரியார், மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டார். அதை ஏற்காமல் அண்ணாவும் மற்றவர்களும் வெளியேறினார்கள். செப்டம்பர் 17-ந்தேதி சென்னை ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் தி.மு.க. தொடங்கப்பட்டது. பிரிந்த பிறகும் பெரியாரைத் தவிர வேறு தலைவர் தனக்கு இல்லை என்றே அண்ணா சொல்லி வந்தார். கட்சியின் தலைவர் நாற்காலியை காலியாகவே விட்டார்.

புத்தகத்துக்கு தண்டனை

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

அண்ணா எழுதிய புத்தகங்களில் ஒன்று 'ஆரிய மாயை'. சாதி ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது, யாரை யார் அடக்கி வைத்தார்கள் என்று காரசாரமாக எழுதிய புத்தகம். இதைப் படித்து கோபப்பட்டவர்களும் உண்டு, தலையில் வைத்துக் கொண்டாடியவர்களும் உண்டு. ஒரு சமூகத்தைப் பற்றி இப்படி எழுதுவது நியாயமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது.

சமூகங்களுக்கு இடையே பகையை உண்டாக்குகிறது என்று சொல்லி அன்றைய சென்னை அரசு வழக்குப் போட்டது. 1950 செப்டம்பரில் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. ரூ.700 அபராதம். கட்டாவிட்டால் 6 மாதம் ஜெயில்.

அந்தக் காலத்தில் 700 ரூபாய் பெரிய தொகை. ஆனாலும் கட்சிக்காரர்கள் நினைத்திருந்தால் ஒரே நாளில் திரட்டியிருக்கலாம். அண்ணா கட்ட மறுத்துவிட்டார். பணத்தைக் கட்டினால், எழுதியது தப்பு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பது அவர் எண்ணம். பேசாமல் ஜெயிலுக்குப் போனார்.

இதில் ஒரு வேடிக்கை. அதே சமயத்தில் பெரியாருக்கும் 'பொன்மொழிகள்' என்ற புத்தகத்துக்காக தண்டனை. அவரும் திருச்சி ஜெயிலில். ஒரு வருஷம் முன்பு பிரிந்துபோன குருவும் சீடரும், ஆளுக்கு ஒரு புத்தகத்துக்காக ஒரே ஜெயிலில் இருந்தார்கள்!

மக்கள் மத்தியில் எதிர்ப்பு கிளம்பியது. 6 மாதம் முடியும் வரை வைத்திருக்கவில்லை. கொஞ்ச நாட்களிலேயே விடுதலை செய்துவிட்டார்கள். புத்தகத்தை முடக்க நினைத்தார்கள். அதுவரை அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்களும் தேடிப் படித்தார்கள்.

துணி சுமந்த தோள்

1953-ம் ஆண்டு. கைத்தறி நெசவாளர்களுக்கு கெட்ட காலம். நெய்த துணி விற்காமல் தேங்கிக் கிடந்தது. பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. நெசவாளர்கள் கஞ்சித் தொட்டிகளைத் தேடிப் போகும் நிலைமை.

அண்ணா கட்டுரை மட்டும் எழுதிவிட்டு உட்காரவில்லை. கைத்தறித் துணிகளை தோளில் போட்டுக்கொண்டு கட்சிக்காரர்கள் தெருத்தெருவாக விற்க வேண்டும் என்று முடிவு செய்தார். அவரே திருச்சியில் துணி மூட்டையோடு தெருவில் இறங்கி விற்றார். எம்.ஏ. படித்தவர், சினிமாவுக்கு கதை எழுதுகிறவர், கூவிக் கூவி துணி விற்றதை ஜனங்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அதில் என்ன வெட்கம்?

1955-ல் இருந்து தம்பிக்கு எழுதுவது போல பத்திரிகையில் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். டீக்கடை, முடிதிருத்தும் கடை, படிப்பகம் எல்லாம் அன்றைக்கு பள்ளிக்கூடம் மாதிரி இருந்தன.

சொந்த ஊரில் தோல்வி

1957 தேர்தலில் காஞ்சீபுரம் தொகுதியில் அண்ணா வெற்றி பெற்றார். ஆனால் 1962-ல் அதே காஞ்சீபுரம் அவரைத் தோற்கடித்தது. கட்சிக்கு 50 இடம் கிடைத்தது. தலைவருக்கு சொந்த ஊரில் தோல்வி!

அவர் ஊரைத் திட்டவில்லை. ராஜ்யசபா உறுப்பினராகி டெல்லிக்குப் போனார். அங்கே தன் முதல் பேச்சிலேயே திராவிடர்களுக்கு தனி நாடு கேட்டார். அந்த ஆண்டு சீனா படையெடுத்தது. நாடு ஆபத்தில் இருக்கும்போது பிரிவினை பேசக்கூடாது என்று கோரிக்கையை நிறுத்தி வைத்தார். 1963-ல் பிரிவினைத் தடைச் சட்டம் வந்ததும் அடியோடு கைவிட்டார். இருபது வருஷமாக எழுதி வந்ததை விட்டுக்கொடுத்தது சரியா என்று சிலர் கேட்டார்கள். இந்தியாவுக்குள் இருந்துகொண்டே தமிழனுக்கு உரிமை வாங்க வேண்டும் என்பது அதன்பிறகு அவர் வழி ஆனது.

கல்யாணம் செல்லும்!

1967-ல் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. மார்ச் 6-ந்தேதி அண்ணா முதல்-அமைச்சர் ஆனார். பதவி ஏற்பதற்கு முன்பே, தேர்தலில் தன்னை எதிர்த்துப் பிரசாரம் செய்த பெரியாரை திருச்சிக்குப் போய்ப் பார்த்தார்.

எழுத்தில் கேட்டதை சட்டமாக்கும் நேரம் வந்தது. புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், மாலை மாற்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் அதுவரை சட்டப்படி செல்லாது. ஐகோர்ட்டும் அப்படியே சொல்லியிருந்தது. அப்படி கல்யாணம் செய்த பெண்களுக்கு மனைவி என்ற உரிமை இல்லை, பிள்ளைகளுக்கு சொத்து சிக்கல். 1967-ல் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார், அண்ணா. 1968-ல் சட்டம் ஆனது. இனி நடக்கும் திருமணம் மட்டும் அல்ல, ஏற்கனவே நடந்தவையும் செல்லும் என்று ஆனது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும், தாலி கட்டினாலும் போதும். எத்தனையோ வீடுகளில் அன்றுதான் நிம்மதிப் பெருமூச்சு.

சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனதும் அவர் காலத்தில்தான். 1969 ஜனவரி 14-ந்தேதி முதல் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது.

எல்லாமே வெற்றி என்று சொல்லிவிட முடியாது. 1968 டிசம்பர் 25-ந்தேதி இரவு, கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 'செவ்வாழை' எழுதியவர் முதல்-அமைச்சராக இருந்தபோது இது நடந்தது. அப்போது அவரே புற்றுநோயோடு போராடிக்கொண்டு இருந்தார். தீராத களங்கமாக அது நிற்கிறது.

கடைசி நாட்கள்

1968 செப்டம்பரில் நியூயார்க்கில் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷனுக்கு முன்பு, கையில் இருந்த புத்தகத்தைப் படித்து முடிக்க டாக்டரிடம் ஒருநாள் அவகாசம் கேட்டதாக ஒரு கதை சொல்வார்கள். அவரைத் தெரிந்தவர்கள் யாரும் அதை ஆச்சரியமாக நினைக்கவில்லை.

1969 பிப்ரவரி 3-ந்தேதி அண்ணா இறந்தார். வயது 59. சென்னையே ஸ்தம்பித்தது. பஸ், ரெயில் கூரைகளில் எல்லாம் ஏறி ஜனங்கள் வந்தார்கள். மெரினா கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய புத்தகங்கள் 1995-ல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. ஜெயிலுக்கு அனுப்பிய அதே எழுத்தை, அரசாங்கமே பொதுச் சொத்து ஆக்கியது! 2010-ல் சென்னை கோட்டூர்புரத்தில் அவர் பெயரில் மிகப்பெரிய நூலகம் திறக்கப்பட்டது. லைப்ரரியே கதி என்று கிடந்தவருக்கு இதைவிட வேறென்ன மரியாதை?

காஞ்சீபுரத்தில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. ஐயம்பேட்டையில் இருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். பிள்ளைகளை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். நெசவாளர் தெருவில் பிறந்த ஒரு பையன், அபராதத்தைக் கட்டி தப்பிக்க வழி இருந்தும், எழுதியதற்காக ஜெயிலுக்குப் போனான் என்று சொல்லுங்கள்.