மருத்துவமனையிலிருந்து சட்டமன்றத்திற்கு: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

நோயுற்றவர்க்கு மருந்து தருவது மருத்துவரின் கடமை. அந்த நோய் ஏன் ஏழையின் வீட்டிற்கே மீண்டும் மீண்டும் வருகிறது, பெண்ணின் உடலையே ஏன் முதலில் பற்றுகிறது என்று கேட்கத் தொடங்கும் மருத்துவர் நாளடைவில் பொதுவாழ்வுக்கு வந்தே தீர வேண்டியவராகிறார். தமிழகத்தில் இக்கேள்வியைக் கேட்டு, அதற்கு விடை காணச் சட்டமன்றம் வரை சென்றவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தேர்வுக்காக அவர் பெயரை 'முதல் பெண்' என்ற பட்டியலில் மனப்பாடம் செய்யும் நம் மாணவ மாணவியர், அப்பட்டியலுக்குப் பின்னால் இருந்த போராட்டத்தையும் அறிந்து கொள்வது நலம்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வியாளர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த இசை வேளாளர் குலத்தவர். இந்த மணவாழ்வின் காரணமாகத் தந்தையாரை அவருடைய உறவினர் விலக்கி வைத்தனர். இரு குலங்களுக்கும் இடையே பிறந்த பெண் குழந்தை ஊராரின் கண்ணில் எவ்விடத்தைப் பெற்றிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட பெரும் போராட்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பருவமெய்திய பெண் பள்ளிக்குச் செல்லலாகாது என்ற வழக்கம் நிலவிய காலம் அது. எனவே வீட்டிலிருந்தே பயின்று 1902இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். அடுத்து மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஆடவர் கல்லூரியில் பெண் ஒருத்தியா என்பது ஒரு காரணம். அவர் தாயாரின் குலம் மற்றொரு காரணம். எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அவருக்கு இடமளிக்கச் செய்தவர் புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். ஒரு மன்னரின் ஒப்புதல் கிடைத்திராவிடில் ஒரு மருத்துவரை நாடு இழந்திருக்கும். அவ்வாறு ஒப்புதல் கிடைக்காமலே அடுப்படியில் முடிந்துபோன வாழ்வுகள் எத்தனையோ!

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்று, எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணியேற்றார். பெண்கள் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டுவதினும் உயிரை விடுவதே மேல் என்று கருதிய காலம் அது. சென்னையில் கோஷா மருத்துவமனை 1885இல் தோன்றியதும் இக்காரணத்தாலேயே. முக்காடு இடும் நம் சமுதாயப் பெண்களுக்கும், படிதாண்டா வழக்கமுடைய பிற சமுதாயப் பெண்களுக்கும் அங்கே பெண் மருத்துவர்கள் சிகிச்சை அளித்தனர். இவ்வாறு பெண் மருத்துவரின் தேவை ஒருபுறம் மிகுந்திருக்க, பெண்ணைக் கல்லூரிக்குள் விட மறுத்த மனப்பான்மை மறுபுறம் இருந்தது. இரண்டையும் ஒரே சமுதாயம் ஒரே வேளையில் கொண்டிருந்தது என்பது வியப்புக்குரியது.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் புரிந்துகொண்டார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்ற உறுதியைப் பெற்ற பின்னரே அவர் மணத்திற்கு இசைந்தார். 1925இல் மகளிர், குழந்தைகள் நோய்களைப் பற்றிய உயர் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். கணவரும் இரு புதல்வரும் உடன் சென்றனர்.

தாயகம் திரும்பிய வேளையில் இந்திய மாதர் சங்கம் அவர் பெயரைச் சென்னைச் சட்டமன்ற நியமனத்திற்குப் பரிந்துரைத்தது. மருத்துவத் தொழில் கெடுமே என்று அவர் முதலில் தயங்கினார். சென்னை மாகாணம் 1921இலேயே பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியிருந்தது. எனினும் சொத்து முதலான தகுதிகள் வாக்காளருக்கு விதிக்கப்பட்டிருந்தமையால், தம் பெயரில் சொத்தில்லாத பெரும்பாலான பெண்களுக்கு அவ்வுரிமை எட்டாக்கனியாகவே இருந்தது. இந்நிலையில் 1927இன் தொடக்கத்தில் அவர் மன்றத்தில் அமர்ந்தார். உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக அவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தனர். பிற்காலத்தில் வாக்குரிமை பற்றிய விவாதம் எழுந்தபோது, சொத்து, படிப்பு என்ற வேலிகள் இன்றி வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு வேண்டும் என்றே அவர் வாதாடினார்.

மன்றத்தில் அவர் எழுப்பியவை பெரும்பாலும் மருத்துவமனையில் அவர் கண்டவையே. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும் என்றார். சிறுமியரின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்றார். உடல் முதிராத சிறுமி மகப்பேற்றில் மடிவதைக் கண்ட கைகளுக்கு அது வெறும் சீர்திருத்தக் கொள்கையன்று. முஸ்லிம் மாணவியர்க்கு விடுதி அமைய வேண்டும் என்றும், தாழ்த்தப்பட்ட சமுதாய மாணவியர்க்கு உதவித்தொகை வேண்டும் என்றும் அவர் முயன்றதை நம் கல்லூரி மலரில் தனியே நினைவுகூர்வது பொருத்தமாகும். தம் குலம், தம் சமயம் என்ற வரம்புக்குள் நின்று அவர் உரிமை கேட்கவில்லை.

அவர் பெயருடன் இணைந்து நிற்பது தேவதாசி முறை ஒழிப்பு. இதைப் பற்றி மேடைகளில் சொல்லப்படுவன எல்லாம் ஒரு தலைவர் எதிர்த்ததும் அம்மையார் சுடச்சுட விடையிறுத்ததுமாகிய கதைகளே. கைதட்டலுக்கு அவை உதவும். ஆனால் உண்மையான பணி நிலப் பதிவேட்டில் நடந்தது. கோயிற் பணிக்கென மானிய நிலங்கள் தேவதாசியர் குடும்பங்களிடம் விடப்பட்டிருந்தன. பணி நின்றால் நிலம் போகும். நிலம் போகாதிருக்க அடுத்த தலைமுறையிலும் ஒரு சிறுமிக்குப் பொட்டுக் கட்ட வேண்டும். சாத்திரம் பேசியோரும் மரபு பேசியோரும் காணத் தவறிய பொருளாதார முடிச்சு இதுவே. 1927 நவம்பரில் இம்முறையை ஒழிக்கப் பரிந்துரைக்கும் தீர்மானத்தை மன்றத்தில் நிறைவேற்றிய அம்மையார், அடுத்து அறநிலையச் சட்டத்திற்குத் திருத்தம் கொண்டுவந்தார். 1929இல் நிறைவேறிய அத்திருத்தம், பணிக்கடமையிலிருந்து நிலத்தைப் பிரித்து, அதை வைத்திருந்த பெண்ணுக்கே உரியதாக்க வழிசெய்தது. முடிச்சை அவிழ்த்த விரல்கள் அறுவை மருத்துவம் பயின்றவருடையவை அல்லவா!

பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்றோர் கலையையும் மரபையும் முன்வைத்து எதிர்த்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய தேவதாசிக் கலைஞர்களும், தங்களை ஒட்டுமொத்தமாக இழிவுபடுத்துவதாகக் கூறி அதை எதிர்த்தனர். அதே குலத்தில் வாழ்ந்து அதன் துயரை உணர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ ஒழிப்புக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்வை எழுதுவோர் நாகரத்தினம்மாளின் எதிர்ப்பைச் சொல்லாமல் விட்டுவிடுவது நேர்மையாகாது. இசையும் நாட்டியமும் காத்து, சொத்துரிமையும் பெற்றிருந்த பெண்கள் அவர்கள். அவர்களது அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மையாரின் சொற்களும் சில இடங்களில் கடுமையாகவே இருந்தன. எனினும் தனக்கு நேர்வது யாதென அறியாத சிறுமியின் பக்கம் நின்று பார்த்தால், அம்மையாரின் வழியே சரியான வழி என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

அந்த மசோதா உடனே சட்டமாகவில்லை. காந்தியடிகள் 1930இல் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அம்மையார் தம் பதவியைத் துறந்தார். பதினேழு ஆண்டுகள் கழித்து, நாடு விடுதலை பெற்ற 1947இலேதான் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் சட்டம் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. அம்முறையிலிருந்து தப்பி வந்த சிறுமியரை மற்ற விடுதிகள் ஏற்கத் தயங்கியபோது தம் வீட்டிலேயே இடமளித்தார். அவ்வாறு 1931இல் உருவானதே ஔவை இல்லம்.

இனி, அவர் முதுமையில் எழுப்பிய நிறுவனம். 1923இல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் மாண்டார். மருத்துவரான தமக்கையின் கண்முன்னே, மருத்துவம் செய்ய வழியின்றி நிகழ்ந்த சாவு அது. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். புற்றுநோய் என்றாலே மரணம்தான், அதற்கு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் ஆள்வோரிடமும் மருத்துவரிடமுமே பரவியிருந்தது. எனவே அவர் மக்களிடம் சென்றார். மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டப்பட்டது. 1952 அக்டோபரில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது 67. புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டில் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்து, 2021இல் மறையும்வரை அந்நிலையத்திலேயே வாழ்ந்தார். பணம் இல்லை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்பது அந்நிலையத்தின் தொடக்க நாள் கொள்கை.

1956இல் நடுவண் அரசு பத்ம பூஷண் விருதளித்தது. 1968 ஜூலை 22ஆம் நாள், 82ஆம் பிறந்த நாளுக்கு எட்டு நாள்களே இருக்கையில், அம்மையார் காலமானார். ஏழைக் கருவுற்ற தாய்மார்க்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. ஊராட்சி மருத்துவ நிலையங்களில் அத்தொகைக்காகப் பதிவு செய்யும் பெண்கள் தினந்தோறும் அப்பெயரைப் படிவத்தில் நிரப்புகின்றனர்.