குன்னூர் கண்ட ஊட்டவியல் அறிஞர் இராபர்ட் மெக்காரிசன்

குன்னூர் என்றதும் தேயிலைத் தோட்டங்களும் சிம்ஸ் பூங்காவும் நம் நினைவுக்கு வருகின்றன. அப்பூங்காவுக்கு அருகே 1907இல் தோன்றிய பாஸ்டர் நிலையத்தை வெறிநாய்க்கடி மருந்துக்காகவே பலரும் அறிவர். இந்திய ஊட்டவியல் ஆய்வு அந்நிலையத்தின் ஓர் அறையில்தான் 1918இல் தொடங்கிற்று. தொடங்கியவர் இராபர்ட் மெக்காரிசன்.

1878இல் அயர்லாந்தின் போர்ட்டடவுனில் பிறந்து, பெல்பாஸ்டில் மருத்துவம் பயின்று, 1901இல் இந்திய மருத்துவப் பணிக்கு வந்தவர் அவர். வடமேற்கே கில்கிட் மலைப்பகுதியில் கழுத்துக் கழலை நோயை ஆராய்ந்தார். நோய் மிகுந்த ஊரின் நீரில் படிந்த கசடைத் தாமே உட்கொண்டு, தம் கழுத்தில் வீக்கம் எழக் கண்டார்! நீரிலுள்ள நுண்ணுயிரே காரணம் என்ற அவர் முடிவு நிலைபெறவில்லை. அயோடின் குறைவே தலையாய காரணம் என்பதைப் பின்வந்தோர் நிறுவினர். அருகிலிருந்த ஹுன்சா முஸ்லிம்களின் உடல்நலம் அவரைப் பெரிதும் வியக்க வைத்தது. அம்மக்களின் ஆயுளைப் பற்றிப் பிறர் பின்னர்ப் பரப்பிய மிகைக் கதைகள் வேறு. மெக்காரிசன் கண்டது அவர்தம் எளிய உணவின் சிறப்பையே.

குன்னூரில் அவர் முதலில் எடுத்துக்கொண்டது பெரிபெரி நோய். சிக்கனம் என்று சொல்லி அரசு 1923இல் ஆய்வை நிறுத்தியது. 1925இல் மீண்டும் அனுமதித்தது. மருத்துவர் ஒருவர் அரிசி ஆலைக்குள்ளும் அடுக்களைக்குள்ளும் புகுந்து பார்த்த ஆய்வு அது. தீட்டுந்தோறும் தவிட்டோடு உயிர்ச்சத்து போகிறது. கழுவுந்தோறும் நீரோடு போகிறது. எஞ்சியது வடித்த கஞ்சியோடு போகிறது. நெல்லைப் புழுக்கினாலோ அச்சத்து அரிசியின் உள்ளே ஊறி நிலைக்கிறது. நம் பாட்டியர் வேதியியல் கற்றவர் அல்லர். எனினும் புழுங்கல் அரிசியைக் கைவிடவில்லை. வெளுத்த சோறே விருந்துக்கு அழகு என்னும் எண்ணம் நம்மிடையே பின்னர் வளர்ந்ததுதான் விந்தை.

அடுத்து அவர் நடத்திய எலிச் சோதனை நம் சிந்தனைக்குரியது. ஒரே இனத்து இளம் எலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் ஆகியோரின் உணவுகளைத் தனித்தனியே கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி, வாரம் ஒருமுறை இறைச்சி என அமைந்த சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. தீட்டிய அரிசியை நம்பிய நம் மாகாணத்து உணவோ கடைசியில் நின்றது. இதில் நாம் நாணுவதற்கு ஒன்றுமில்லை. வடக்கத்தியர் பிறப்பாலேயே போர்மரபினர், தெற்கத்தியர் பிறப்பாலேயே மெலியர் என்று ஆட்சியாளர் பேசிவந்த காலம் அது. எலிகளுக்குள் குல வேற்றுமை ஏது? வேறுபட்டது தட்டில் விழுந்த உணவு மட்டுமே. இங்கிலாந்தின் ஏழையர் உண்ட வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரையிட்ட தேநீர், டப்பா இறைச்சி முதலியவற்றை உண்ட எலிகள் வளர்ச்சி குன்றின; ஒன்றையொன்று கொன்று தின்னவும் தலைப்பட்டன. தம் நாட்டாரின் தட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பதை நாம் மதிக்க வேண்டும்.

அவர் தட்டோடும் நிற்கவில்லை, வயலுக்குப் போனார். கோவை வேளாண் வேதியியலார் விசுவநாத்துடன் இணைந்து, வெவ்வேறு உரமிட்டு விளைந்த தானியங்களின் ஊட்டத்தை ஒப்பிட்டார். தொழுவுரத்தில் விளைந்தது மேம்பட்டது என 1926ஆம் ஆண்டளவில் கண்டார். பிற்கால ஆய்வுகள் அனைத்தும் இதற்கு உடன்படவில்லை. ஆயினும் மண், பயிர், ஆலை, அடுப்பு, உடல் ஆகியவற்றை ஒரே கேள்விக்குள் கொணர்ந்த துணிவு அரிது. உணவு ஆகுமானதாக இருப்பதோடு நல்லதாகவும் இருக்க வேண்டும் எனத் திருமறை வழி அறிந்த நமக்கு இக்கேள்வி புதிதன்று. அதற்கு விடை காண வேதியியலாரும் உழவியலாரும் மருத்துவரும் ஒருங்கே அமர வேண்டியிருந்தது.

அந்த ஓரறை 1928இல் ஊட்ட ஆய்வுக்கூடமாக உயர்ந்தது. மெக்காரிசன் 1933இல் சர் பட்டம் பெற்று, 1935இல் ஓய்வுபெற்று, 1960இல் மறைந்தார். அவருக்குப்பின் வந்த அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை நூலாக்கினார். ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டவியல் நிறுவனமாக விளங்குகிறது. குன்னூரில் பணியாற்றிய சேலத்து மருத்துவர் கோபாலன் பின்னர் அதன் இயக்குநரானார். கோவையில் 1909இல் தொடங்கிய நிலையான உரச் சோதனை வயலிலோ இன்றும் பயிர் விளைகிறது.